பெல்ட்டைக் கழற்றச் சொன்ன தாள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதுகு ஒடியவில்லை. கிள்ளானில் நாங்கள் இருக்கும் வீட்டு வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள், இனிமேல் பிள்ளை பெற முடியாது, பெண்பிள்ளைக்கு எதற்கு அந்த வேலை என்று ஆளுக்கொரு கதை. நான் எங்கிருந்தும் விழவில்லை. நடந்ததை அனுபவித்தவள் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பயந்து படுத்திருக்கும் இன்னொரு பெண் எங்காவது இருந்தால், அவளுக்காகவும்.

நான் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பொறியாளர். கண்டேனர் தூக்கும் கிரேன்களில் ஏறி, இரும்பு வடம், பிரேக், மோட்டார் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் அப்பா அதே துறைமுகத்துக்குக் கண்டேனர் லோரி ஓட்டுகிறார். அவர் இருபது வருடம் கீழே காத்திருந்த கிரேன்களில் நான் மேலே ஏறினேன். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. படிக்கிற பிள்ளை பாரம் தூக்கக் கூடாது. அம்மா பஸ் நிற்கும் இடத்திலிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். நான் ஓடிப்போய்க் கை வைத்தால், "விடு, விடு, நீ போயி படி" என்பார். கேஸ் தோம்பை, அந்தக் கனத்த இரும்பு உருளையை, அவரே உருட்டுவார். தண்ணீர் வாளியையும் என்னைத் தொடவிட மாட்டார். தொழிற்சாலைக் கேண்டீனில் பெரிய பெரிய சட்டிகளை இறக்கி ஏற்றிவிட்டு வந்து, என் மேசையில் ஒரு குவளை மைலோவை வைத்துவிட்டுப் போவார். நான் படித்த அந்தப் பதினேழு வருடத்தில் நான் தூக்கிய பெரிய பாரம் என் புத்தகப் பைதான். நான் வாங்கிய 'ஏ'க்கள் எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து வாங்கியவை.

அதற்குப் பதிலாக எனக்கு ஒரு வேலை இருந்தது. வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் என்னிடம்தான் வரும். பக்கத்து வீட்டு வள்ளி ஆன்டியின் கிளினிக் அட்டைகூட என் மேசைக்குத்தான் வரும். படித்துச் சொன்ன பிறகு, முக்கியமான தாள் என்றால் அம்மா அதைச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். அங்கே போன தாளை யாரும் தொட மாட்டோம். என் பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், என் பட்டம் எல்லாம் அங்கேதான் இருந்தன.

வேலையில் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை கிரேன் அடியிலிருந்து கருவிப் பெட்டியை எடுக்கக் குனிந்தேன். கூட வேலை செய்யும் குமார் அண்ணன், "மிஸ், குடுங்க, நான் தூக்கறேன்" என்றார்.

"பரவால்ல அண்ணே. என் பெட்டி, நானே தூக்குவேன்."

முழங்காலை மடக்காமல் குனிந்து, தூக்கிய வாக்கில் பக்கவாட்டில் திரும்பினேன். இடுப்பிலிருந்து வலது கட்டைவிரல் வரை ஒரு சூடான கம்பியை இழுத்த மாதிரி இருந்தது. பெட்டியைக் கீழே போடவில்லை. மெதுவாக வைத்தேன். அந்த வீம்பு மட்டும் அப்போதும் குறையவில்லை. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனேன். நான்காம் நாள் காலை குளியலறைக்குப் போகும் வழியில் வலது காலில் செருப்பு நிற்கவில்லை. போட்டால் கழன்றது, மறுபடி போட்டாலும் கழன்றது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்பா காடியில், அதாவது எங்கள் காரில், அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். எண் வாங்கி, நான்கு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தேன். உள்ளே ஒரு மலாய் டாக்டர், என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டார். வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள் என்று நான் எல்லாப் பெண்களுக்கும் சொல்வேன். அந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எனக்கு இரண்டும் இல்லை. பாத பலவீனம் மட்டும் இருந்தது. அதற்காக வார்டில் சேர்த்தார்கள்.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு நீளமான குழாய்க்குள் படுக்கவைத்துக் காந்தத்தால் உள்ளுடம்பைப் படம் எடுப்பது. வலி இல்லை. சத்தம்தான், யாரோ காதருகே இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போல. படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கும். அதன் உள்ளே கெட்டியான கூழ் போல ஒன்று. என்னுடைய கீழ் இடுப்பு வட்டு ஒன்றில் அது பிதுங்கி வெளியே வந்து, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. "பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும். ஆறு வாரம் பார்ப்போம். பாதம் இன்னும் பலவீனமானால் அறுவை சிகிச்சை" என்றார்.

ஆறு நாள் வார்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மா மாக்சிக் ரொஹானா தன் மகள் கொண்டுவரும் பலகாரத்தில் எனக்கு ஒரு பங்கு ஒதுக்கிவைப்பார். மாத்திரையை நான் முழுங்கிவிட்டேனா என்று நர்ஸ் மிஸ்ஸிக்கு முன்னால் அவரே பார்த்துவிடுவார். அம்மா காலை வேலைக்குப் போகுமுன் வந்து, "பசியாறிட்டியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் இட்லியை வாயில் வைப்பார். அப்பா மூன்றாம் நாள் ஒரு வேலை செய்தார். லோரியில் சரக்குக் கட்டும் ஆரஞ்சு நிறப் பட்டையில் ஒரு முழம் வெட்டி, என் வலது செருப்பில் கணுக்காலோடு சேர்த்துக் கட்டும்படி தைத்துக்கொண்டு வந்தார்.

"நாப்பது அடி கண்டேனரே இதுல நிக்குது. உன் செருப்பு நிக்காதா?" என்றார். நின்றது.

வீடு திரும்பும் நாளில் இடுப்பு பெல்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அப்பாவுக்கு பெல்ட் புதிதல்ல. அவரே இருபது வருடமாகக் கட்டுகிறார். கடையில் இருந்ததிலேயே உறுதியானதை வாங்கினார், நான்கு இரும்புத் தகடு வைத்தது. மருத்துவமனை கொடுத்த தாளை காடியிலிருந்து இறங்கும்போதே அம்மா என் கையிலிருந்து வாங்கிவிட்டார். "பத்திரமா இருக்கட்டும்" என்று நேராகப் போய் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். நான் கட்டிலில் விழுந்து தூங்கிப்போனேன்.

அதன் பிறகு நான்கு மாதம் அந்த பெல்ட் என் உடம்பில்தான் இருந்தது. குளிக்கும்போது மட்டும் கழற்றினேன். தூங்கும்போதும் கட்டியிருந்தேன். "குனியாதே, தூக்காதே, நடக்காதே" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறாம் வாரம் மருத்துவமனையில் பார்த்தார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. பாதம் நன்றாகத் தேறியிருக்கிறது, அறுவை சிகிச்சை தேவையில்லை என்றார் புதிய டாக்டர் ஒருவர். போகிற போக்கில், "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டார். "செய்கிறேன்" என்றேன். கூடத்திலிருந்து சமையலறைக்குப் பத்து நடை நடப்பதைத்தான் நான் உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன். என்ன பயிற்சி என்று திருப்பிக் கேட்க எனக்குக் கௌரவம் இடம் தரவில்லை.

பாதம் தேறியது. ஆனால் முதுகு மோசமானது. பெல்ட்டைக் கழற்றினால் மேலுடம்பு தனியாக, கீழுடம்பு தனியாக இருப்பது போல ஆடும். அரிசி களையும் நேரம்கூட நிற்க முடியவில்லை. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் வள்ளி ஆன்டி வந்து, "பொண்ணு பாக்க யாராச்சும் வந்தா அந்த பெல்ட்ட சட்டைக்குள்ள மறைச்சிக்க மா" என்றார்.

"ஏன் ஆன்டி? அவங்களுக்கும் ஒன்னு வேணுமாமா?" என்றேன். அன்று அவர் தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதை நான்கு முறை படித்தேன். மூன்று மாதத்துக்குள் கம்பெனி டாக்டரிடம் ஏணி ஏறத் தகுதி உண்டு என்று சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தரமாக அலுவலக மேசைக்கு மாற்றிவிடுவார்கள். மேற்பார்வையாளர் லிம் போனில் அன்பாகத்தான் பேசினார். "ஆபீஸ்ல ஏர்கோன் இருக்கு லா, திலகா. பொம்பளைக்கு நல்லது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். நான் பன்னிரண்டு மாடி உயரம் ஏறுவதற்காகப் படித்தவள். இன்னொரு நாற்காலிக்காக அல்ல.

சான்றிதழுக்கான விண்ணப்பத்தோடு மருத்துவமனைத் தாளின் நகல் கேட்டிருந்தார்கள். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தேன். விபூதி படிந்திருந்தது. முன்பக்கம் என் பெயர், நோய், மருந்து. பின்பக்கத்தைத் திருப்பினேன். மலாயில் தெளிவாக எழுதியிருந்தது. பெல்ட் இரண்டு வாரம் மட்டும், வெளியே போகும்போது மட்டும். அதன் பிறகு கழற்றிவிடவும். நடுவுடம்புத் தசைகளுக்கான பயிற்சிக்கு பிசியோதெரபி பிரிவுக்கு வரவும். தேதியும் நேரமும் போட்டிருந்தது. அந்தத் தேதி போய் மூன்றரை மாதம் ஆகியிருந்தது.

ஊரார் கடிதத்தையெல்லாம் படித்துச் சொன்னவள் தன் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. சாமி மேடை முன்னால் அப்படியே நின்றேன்.

"நான்தானே வாங்கி வெச்சேன்" என்று அம்மா அழ ஆரம்பித்தார்.

"நான்தானே மா படிக்கல" என்றேன்.

அப்பாவுக்கு மட்டும் ஒப்பவில்லை. "பெல்ட்டு தப்பா? அப்ப நான் இருவது வருசமா கட்டறது?" என்றார்.

மருத்துவமனையில் மறுதேதி கேட்டேன், இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். என்னால் அவ்வளவு பொறுக்க முடியாது. பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் பிசியோதெரபி செய்யும் புவனா அக்காவைப் பற்றிச் சொன்னாள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பெல்ட்டோடு போனேன். படிகளை ஒவ்வொன்றாக ஏறினேன். மல்லிகை வாசனை மேல்மாடி வரை வந்தது.

புவனா அக்கா தாளைப் படித்தார், இரண்டு பக்கமும். பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

"கழட்டு."

"விழுந்துருவேன் அக்கா."

"கீழ பாய் விரிச்சிருக்கேன்ல? விழு. கழட்டு மா."

கழற்றினேன். மல்லாந்து படுக்கச் சொன்னார். முழங்கால்களை மடக்கி, வயிற்றை உள்ளே இழுக்காமல், யாரோ குத்த வரும்போது இறுகுவது போல மெதுவாக இறுக்கச் சொன்னார். மூச்சு விட்டுக்கொண்டே ஒரு காலை மட்டும் தூக்க வேண்டும். தூக்கியவுடன் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது, முதுகு வளைந்தது. பிறகு குப்புறத் திரும்பி, முழங்கைகளிலும் முழங்கால்களிலும் உடம்பைத் தாங்கி நேராக நிற்கச் சொன்னார். நடுங்கினேன். எட்டு வினாடி.

"எஞ்சினியரு. எட்டு செகண்டு" என்று சிரித்தார்.

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அலமாரியிலிருந்து ஒரு காலி மைலோ டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார். மூடி இறுக்கமாக மூடியிருந்தது. அதன் மேல் ஏறி நின்றார். ஒன்றும் ஆகவில்லை. இறங்கி, மூடியைத் திறந்துவிட்டு, விளிம்பை விரலால் அழுத்தினார். நசுங்கியது.

"உன் வயிறு இதுதான். மேல மூடி, மூச்சு விடற தசை. கீழ அடித்தட்டு, சிறுநீர அடக்கற தசை. சுத்தி தகடு, வயித்தச் சுத்தி பட்டையா ஓடற தசை. பின்னால முதுகெலும்போட ஒட்டின சின்னச் சின்னத் தசைங்க. நாலும் சேந்து இறுகினா உள்ள அழுத்தம் நிக்கும், முதுகு பாரத்தத் தாங்கும். நீ என்ன பண்ண? மூடியத் தொறந்துட்டு வெளிய கயித்தக் கட்டியிருக்க. பெல்ட்டு வேலை செஞ்சா தசை எதுக்கு வேலை செய்யும்? அது தூங்கிருச்சு."

"எழுப்ப முடியுமா?"

"முடியும். ஆனா நான் எழுப்ப மாட்டேன். நீதான் எழுப்பணும். தினமும்."

அன்று பெல்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ரயிலில் பயந்து பயந்து உட்கார்ந்திருந்தேன். முதுகு வலித்தது. வலி எல்லாமே ஆபத்து இல்லை என்று அக்கா சொல்லியிருந்தார். வேலை செய்து பழகாத தசை நோகும். வலி காலில் இறங்கினால், பாதம் மரத்துப்போனால், நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வதே பாதிப் படிப்பு.

வீட்டில் கூடத்தில் பாயை விரித்தேன். அம்மா பதறினார். "ஐயோ, குனியாத, குனியாத." பிறகு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். முழங்கைகளில் நின்று பதினொரு வினாடியில் சரிந்தேன்.

"அவ்ளோதானா? இதுக்கா காசு குடுத்துப் படிக்கற?"

"நீ செஞ்சி பாரு மா. ஒரு நிமிசம் இருந்தா நான் உன் காலத் தொட்டுக் கும்பிடறேன்."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் இறங்கினார். முழங்காலைக்கூட ஊன்றாமல் கால் விரல்களில் நின்றார். நான் போனில் நேரம் பார்த்தேன். முப்பது வினாடியில் என் மீது ஒரு குறை சொன்னார். நாற்பதில், அடுப்பில் பருப்பு இருக்கிறது, பொங்கிவிடும் என்றார். ஒரு நிமிடம் பத்து வினாடியில், "போதுமா? எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போனார். ஐம்பத்திரண்டு வயது. என் பங்கு அரிசி மூட்டைகளையும் சேர்த்துத் தூக்கிய உடம்பு.

நான் காலைத் தொட்டேன். அன்பினால் எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்த ஒன்றை அம்மா அப்போதுதான் எனக்குக் காட்டினார். அவருக்கே அது தெரியாது.

அதன் பிறகு தினமும் காலையில் இருபது நிமிடம். மல்லாந்து படுத்து எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. நாலு காலில் நின்று அதையே செய்வது. இடுப்பைத் தூக்குவது. பக்கவாட்டில் முழங்கையில் நிற்பது. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சலிப்பாக இருக்கும். இரண்டாம் வாரம் ஒரு மாற்றமும் இல்லாததால் ஒருநாள் பாயைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். மறுநாள் மறுபடி விரித்தேன்.

மூன்றாம் வாரம் சுவரைப் பிடிக்காமல் தும்மினேன். அதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னேன். "தும்மல் வந்தா ஆண்டவன நெனை" என்றார், அவ்வளவுதான். ஐந்தாம் வாரம் கொமுட்டரில் இடம் இல்லை. கம்பியை லேசாகப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூர் வரை நின்றே போனேன். வண்டி வளைவில் திரும்பும்போது வயிறு நான் சொல்லாமலே இறுகியது. தூங்கியது விழித்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. உட்காரும் வாகு மாறியது. மூச்சு ஆழமாக வந்தது. மாதக் கடைசியில் அம்மா அரிசி மூட்டையோடு வாசலுக்கு வந்தபோது, முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு அணைத்து, மூச்சை விட்டபடியே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"விடு திலகா, விடு."

"விட மாட்டேன் மா. நான் படிச்சி முடிச்சிட்டேன்."

எல்லாருக்கும் இது போதும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அறுவை சிகிச்சைதான் சரி. அது தோல்வியும் இல்லை. ஆனால் 'பொம்பளை உடம்பு, முதுகு போனா போனதுதான்' என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் எந்தத் தசையைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

சான்றிதழ் நாளில் அப்பா லீவு எடுத்துக்கொண்டு காடி ஓட்டினார். கம்பெனி டாக்டர் வயதானவர், கண்ணியமானவர். காலைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், பாதத்தின் பலத்தைப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டே எழுதினார். படிவத்தை நீட்டினார். முன்பக்கம் தகுதி உண்டு என்று இருந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே போகக் கால் எழுந்தது. நின்று, தாளைத் திருப்பினேன். பின்பக்கம் நிபந்தனை என்ற இடத்தில் எழுதியிருந்தது, வேலை நேரம் முழுவதும் இடுப்பு பெல்ட் அணிய வேண்டும்.

"டாக்டர், இது வேண்டாம்."

"பாதுகாப்புக்குத்தான் அம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன்."

"நான் எல்லாரும் இல்லை, டாக்டர். நேரம் பாருங்கள்."

செருப்பைக் கழற்றிவிட்டு அவருடைய கிளினிக் தரையில் இறங்கினேன். முழங்கைகள், கால் விரல்கள். மிஸ்ஸி கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தரை குளிர்ந்திருந்தது. நாற்பது வினாடியில் கைகள் நடுங்கின. வயிறு நடுங்கவில்லை. ஒரு நிமிடம் தாண்டியதும் பெல்ட் பற்றி மருத்துவமனைத் தாள் சொன்னதை, தரையைப் பார்த்தபடியே வரி விடாமல் சொன்னேன். பேசிக்கொண்டே அதில் நிற்க முடியும் என்பதை அம்மாவிடம் கற்றிருந்தேன்.

"போதும், போதும், எழுந்திரு" என்றார் டாக்டர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிபந்தனையின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

வெளியே அப்பா காடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஏறி வண்டியைக் கிளப்பினார். கிள்ளான் பாலம் தாண்டிய பிறகுதான், சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீ விரிக்கற அந்தப் பாயி ஒரு ஆளுக்குத்தான் பத்துமா?"

"ரெண்டு பேருக்குப் பத்தும் பா."

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். படிவத்தை நீட்டினேன். வழக்கம் போல வாங்கிக்கொண்டு சாமி மேடைப் பக்கம் இரண்டு அடி வைத்தார். நின்றார். திரும்பி வந்து என் கையிலேயே கொடுத்தார்.

"படி."

கூடத்தின் நடுவில் நின்று, ஒவ்வொரு வரியாக, முதலில் மலாயில், பிறகு தமிழில் படித்தேன். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். முடித்ததும் கையை நீட்டுவார் என்று நினைத்தேன். நீட்டவில்லை.

"திருப்பு," என்றார். "பின்னாலயும் படி."